யோகாவில் குருவின் வேலை என்ன? புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

ஜூன் 21, சர்வதேச யோகா தினம் முடிந்த மறுநாள், மும்பை மாட்டுங்காவில் எங்கள் கட்டட மொட்டை மாடியில் நடக்கும் வகுப்புக்குப் புதுமுகங்கள் வரும். 2015-இல் அந்த நாளைக் கொண்டாட ஆரம்பித்ததிலிருந்து வருடா வருடம் பார்க்கிறேன். முதலில் பாய் எங்கே வாங்குவது என்று கேட்பார்கள். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "இதுக்கு குரு வேணுமாமே, நிஜமா?" என்பார்கள்.

அந்தக் கேள்விக்கு அங்கேயே ஆளுக்கொரு பதில் கிடைக்கும். குரு இல்லாமல் மூச்சுப் பயிற்சி செய்தால் புத்தி பேதலித்துவிடும் என்பார் ஒருவர். யூடியூபில் எல்லாம் இருக்கிறதே, குரு எதற்கு என்பார் இன்னொருவர். சரியான குரு கிடைத்து அவரிடம் சரணடைந்துவிட்டால் பயிற்சிகூட வேண்டாம் என்பார் மூன்றாமவர். மூன்றையுமே நான் ஒவ்வொரு காலத்தில் நம்பியிருக்கிறேன். வீடியோ பார்த்துச் சிரசாசனம் செய்து கழுத்துப் பிடிப்போடு மூன்று வாரம் ஆபீஸ் போயிருக்கிறேன். குழப்பம் எங்கே இருக்கிறது என்பது மெதுவாகத்தான் புரிந்தது. குரு என்ற ஒரே சொல்லால் நாம் வெவ்வேறு ஆட்களைக் குறிக்கிறோம். யோகா என்ற ஒரே சொல்லால் வெவ்வேறு வேலைகளைக் குறிக்கிறோம். இரண்டையும் பிரித்துப் பார்த்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

அதிரசப் பாகும் அம்மாவின் விரலும்

முதலில் அடுக்களைக்குப் போகலாம். தீபாவளிக்கு அதிரசம் செய்கிறோம். எந்தச் சமையல் குறிப்பிலும் "வெல்லப் பாகு பதம் வந்ததும் இறக்கவும்" என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியில்தான் எல்லாமே இருக்கிறது. பாகு இளகியிருந்தால் மாவு எண்ணெயில் பிரிந்து போகும். முற்றிவிட்டால் அதிரசத்தைக் கடிக்க முடியாது.

எனக்கு அந்தப் பதம் எப்படி வந்தது? அம்மா ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்து அதில் ஒரு சொட்டுப் பாகை விடச் சொன்னாள். விரலால் கூட்டிப் பார்த்தேன், கரைந்துவிட்டது. "இது இல்லை." அரை நிமிஷம் கழித்து இன்னொரு சொட்டு. நூலாக ஓடியது. "இதுவும் இல்லை." அடுத்த சொட்டு, மெத்தென்று உருண்டு விரல் நுனியில் நின்றது. "இதோ, இதுதான். இறக்கு." அவ்வளவுதான் பாடம்.

அம்மா அங்கே செய்தது என்ன? பதம் எது என்று அவளுக்குத் தன் கை அனுபவத்தில் தெரியும். என் பாகு இந்த நிமிஷம் எப்படி இருக்கிறது என்று பார்த்தாள். தாமதிக்காமல் அந்த நொடியிலேயே சொன்னாள். இதில் முதலாவதைப் புத்தகமோ வீடியோவோ ஓரளவு தந்துவிடும். மற்ற இரண்டும் பக்கத்தில் நிற்கும் ஆளால்தான் முடியும். மூன்றாம் வருஷம் அம்மா கூடத்தில் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்தாள், அடுக்களைப் பக்கமே வரவில்லை. அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சொல், மூன்று ஆட்கள்

குரு என்ற வடசொல்லுக்கு நேர்ப்பொருள் கனமானது. அதற்கு எதிர்ச்சொல் லகு. தாளம் கற்றவர்களுக்கு இந்த ஜோடி தெரிந்திருக்கும்: அங்கங்களில் லகு குறைவானது, குரு நீளமானது. அறிவாலும் அனுபவத்தாலும் கனம் கூடியவர் என்ற பொருளில் ஆளுக்கும் அந்தப் பெயர் வந்தது. 'கு' என்றால் இருள், 'ரு' என்றால் அதை நீக்குவது என்ற விளக்கம் அத்வயதாரக உபநிடதத்தில் இருக்கிறது. மேடைகளில் அதிகம் கேட்பது இதைத்தான்.

இன்று இந்தச் சொல் மூன்று பேர் மேல் விழுகிறது. பயிற்றுநர் என்பவர் அசைவுகளைச் சொல்லிக் கொடுத்து நம்மைச் செய்ய வைப்பவர். 200 மணி நேரப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வருபவர்களில் பலர் இந்த இடத்தில் இருக்கிறார்கள். நல்ல பயிற்றுநர் பெரிய விஷயம், குறைத்துச் சொல்லவில்லை. ஆசிரியர் என்பவர் உங்கள் உடம்பையும் வயதையும் நோயையும் பார்த்து, உங்களுக்கு எது, எப்போது, எவ்வளவு என்று முடிவு செய்பவர். குரு என்பவர் இந்தப் பாதையில் தானே நடந்து, உங்கள் மனம் உங்களையே ஏமாற்றும் இடத்தைக் காட்டித் தரக் கூடியவர்.

அடுத்து யோகா. பதஞ்சலியின் யோகசூத்திரம் இரண்டாவது சூத்திரத்திலேயே யோகத்துக்கு இலக்கணம் சொல்லிவிடுகிறது: மனதின் அலைகளை அடங்கச் செய்வது. அதற்கு எட்டு உறுப்புகள். இயமம் என்பது பிறருக்குத் தீங்கு செய்யாமை, பொய்யாமை போன்ற விலக்குகள். நியமம் தூய்மை, நிறைவு போன்ற ஒழுக்கங்கள். ஆசனம் உடம்பின் இருக்கை. பிராணாயாமம் மூச்சை ஒழுங்குபடுத்துவது. பிரத்தியாகாரம் புலன்களை உள்ளே திருப்புவது. தாரணை மனதை ஓரிடத்தில் நிறுத்துவது, தியானம் அது அறுபடாமல் ஓடுவது, சமாதி அதில் கரைவது. நம் திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இதே எட்டையும் இதே வரிசையில் பாடுகிறார். நாம் மொட்டை மாடியில் செய்வது பெரும்பாலும் மூன்றாவது உறுப்பை மட்டும்தான்.

ஆக, குரு வேண்டுமா என்று கேட்பவரிடம், எட்டில் எதற்கு என்று திருப்பிக் கேட்க வேண்டும். ஆசனத்துக்கு வேண்டிய துணை வேறு, மூச்சுக்கு வேறு, மனதுக்கு வேறு.

உடம்பு: வெளியே இருக்கும் கண்

எங்கள் வகுப்பை நடத்தும் மாமிக்கு எழுபது வயது நெருங்குகிறது. நான் சேர்ந்த முதல் வாரம், தாடாசனத்தில் நிற்கச் சொன்னார். சும்மா நேராக நிற்பதுதான் அது. நின்றேன். "நேரா நில்லு" என்றார். நேராகத்தான் நிற்கிறேன் என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் இடுப்பில் சொருகியிருந்த சாவிக்கொத்தை எடுத்து, ஒரு நூலில் கட்டி, கொத்தனார் தூக்குக்குண்டு பிடிப்பது போல என் மூக்குக்கு நேராகத் தொங்கவிட்டார். போனில் ஒரு படம் எடுத்துக் காட்டினார். நூல் நேராக இருந்தது. நான் வலது பக்கம் சாய்ந்திருந்தேன், நன்றாகவே. வலது தோள் காதை நோக்கி ஏறியிருந்தது.

காரணத்தையும் அவரே கண்டுபிடித்தார். இருபது வருஷமாக மாட்டுங்காவிலிருந்து சிஎஸ்டி ஸ்டேஷன் வரை லோக்கல் ரயிலில், வலது தோளில் பை, இடது கையில் மேலே தொங்கும் பிடி. பிறகு என் தோளைப் பிடித்து இறக்கி நேராக்கினார். எனக்கு இடது பக்கம் விழப் போவது போல இருந்தது. நேராக நின்றபோதுதான் கோணலாகத் தெரிந்தது!

இதற்குப் பின்னால் இருப்பது எளிமையான உடலியல். கண்ணை மூடிக்கொண்டாலும் நம் கை எங்கே, கால் எங்கே என்று நமக்குத் தெரியும். தசையிலும் மூட்டிலும் உள்ள உணர்விகள் மூளைக்கு அனுப்பும் இந்தச் செய்திக்கு உடல் நிலையுணர்வு என்று பெயர். ஆனால் ஒரு நிலையில் வருஷக்கணக்காக நின்றுவிட்டால், மூளை அதையே நேர் என்று எடுத்துக்கொள்கிறது. அதன்பின் நம் உணர்வை வைத்து நம்மைத் திருத்த முடியாது, அளவுகோலே சாய்ந்திருக்கிறதே. வெளியே ஒரு கண் வேண்டியிருப்பது இதனால்தான். கண்ணாடி கொஞ்சம் உதவும். ஆனால் முன்னால் குனியும்போது முதுகைக் கண்ணாடியில் பார்க்க முடியாது. வீடியோவில் இருப்பவரை நாம் பார்க்கலாம், அவருக்கு நம்மைத் தெரியாது.

1952-இல் மும்பைக்கு வந்த வயலின் மேதை யெஹூதி மெனுஹினுக்கு இங்கே யோகா ஆசிரியர் பி.கே.எஸ். ஐயங்காரின் அறிமுகம் கிடைத்தது. ஐயங்கார் வயலின் ஆசிரியர் அல்ல. உடம்பைப் பார்க்கத் தெரிந்தவர், அவ்வளவுதான். மெனுஹின் பின்னாளில் அவருக்குப் பரிசளித்த கைக்கடிகாரத்தில், என் மிகச் சிறந்த வயலின் ஆசிரியருக்கு என்று பொறித்துக் கொடுத்தார்.

வெளிக்கண் இன்னொன்றுக்கும் வேண்டும்: செய்யாதே என்று சொல்ல. சிரசாசனத்தில் கண்ணின் உள்ளழுத்தம் ஏறத்தாழ இரு மடங்காகிறது. கண் அழுத்த நோய் இருப்பவருக்கு அது ஆபத்து. கழுத்தெலும்பு தேய்ந்தவருக்கும் அப்படியே. சேர்ந்த அன்றைக்கே கண், கழுத்து, ரத்த அழுத்தம், பழைய ஆபரேஷன் பற்றி விசாரிக்காத வகுப்பில் நான் யாரையும் சேரச் சொல்வதில்லை.

இந்த நிலைக்கு வேண்டியது கவனமுள்ள பயிற்றுநர், கிடைத்தால் நல்ல ஆசிரியர். அவர் ஞானியாக இருக்க வேண்டியதில்லை. நீங்கள் அவர் காலில் விழவும் வேண்டியதில்லை.

மூச்சு: எவ்வளவு, எப்போது

பிராணாயாமத்தைப் பற்றிய பயம் வெறும் கட்டுக்கதை அல்ல. 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹடயோகப் பிரதீபிகையில் ஸ்வாத்மாராமர் சொல்கிறார்: சிங்கம், யானை, புலியை மெல்ல மெல்லப் பழக்குவது போல மூச்சைப் பழக்க வேண்டும், இல்லாவிட்டால் பழக்குபவனையே அது கொன்றுவிடும்.

வேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் கரியமில வாயு அளவுக்கு மேல் குறைகிறது. அதனால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. தலை சுற்றும், விரல் நுனி மரத்துப் போகும், படபடப்பு வரும். இதை ஏதோ சக்தி எழும்புகிறது என்று நினைத்து இன்னும் வேகமாகச் செய்பவர்கள் உண்டு. பயந்துபோய்ப் பைத்தியம் பிடிக்கிறது என்று ஓடியவர்களும் உண்டு. பக்கத்தில் விஷயம் தெரிந்தவர் இருந்தால் "நிறுத்து, சாதாரணமா மூச்சு விடு" என்பார். சில நிமிஷத்தில் சரியாகிவிடும். கும்பகம், அதாவது மூச்சை உள்ளேயோ வெளியேயோ நிறுத்துவது, ரத்த அழுத்தமும் இதய நோயும் உள்ளவர்கள் தாமாகச் செய்யவே கூடாத ஒன்று.

இங்கே ஆசிரியரின் உண்மையான வேலை தொடங்குகிறது. ஒரே மருந்தை எல்லோருக்கும் தராமல், ஆளின் பக்குவம் பார்த்துக் கொடுப்பது. அதிகாரம் என்று மரபில் சொல்வது இந்தப் பக்குவத்தைத்தான். பதவி என்ற பொருளில் அல்ல.

இதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த சான்று கிருஷ்ணமாச்சாரியார். 1930-களில் மைசூர் அரண்மனை ஆதரவில் கற்பித்தவர், பின்னால் சென்னைக்கு வந்தார். பட்டாபி ஜோயிஸ், ஐயங்கார், மகன் டி.கே.வி. தேசிகாச்சார் எல்லோரும் அவரிடம் படித்தவர்கள். ஜோயிஸிடமிருந்து வந்தது வியர்வை கொட்டும் தொடர் அசைவு. ஐயங்காரிடமிருந்து வந்தது அங்குலம் அங்குலமாக நிலையைச் செதுக்கும் முறை. கட்டை, கயிறு, நாற்காலியெல்லாம் அவர் முறையில் துணைக்கு வரும். தேசிகாச்சார் ஆளுக்குத் தகுந்தாற்போல் பயிற்சியை மாற்றும் முறையை வளர்த்தார். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே இடத்திலிருந்து வந்தவை என்று புதிதாகப் பார்ப்பவர் நம்பமாட்டார்.

மும்பைக்காரர்களுக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஜோடி உண்டு. மாதவதாஸ்ஜி என்ற குருவிடம் கற்ற இருவரில் ஒருவர் யோகேந்திரர். துறவறம் போகாமல் குடும்பஸ்தராகவே இருந்து, 1918-இல் வெர்சோவாவில் தொடங்கிய நிறுவனம் இன்று சாந்தாகுருஸில் இருக்கிறது. வீட்டு மனிதர்களுக்கு யோகா என்பது அவர் வழி. இன்னொருவர் சுவாமி குவலயானந்தர். 1924-இல் லோனாவாலாவில் கைவல்யதாமத்தைத் தொடங்கி, ஆசனத்தையும் மூச்சையும் ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுபோனார். ஒரே குருவிடமிருந்து இரண்டு திசைகள். நல்ல ஆசிரியரிடமிருந்து நகல்கள் வருவதில்லை.

மனம்: இங்கேதான் குரு

ஆசனம் தவறினால் வலி சொல்லும். மூச்சு தவறினால் தலைசுற்றல் சொல்லும். தியானம் தவறினால் எதுவும் சொல்லாது. பெரும்பாலும் சுகமாக இருக்கும். சிக்கலே அதுதான்.

தியானத்தில் உட்கார ஆரம்பித்து நாலைந்து மாதம் ஆகியிருக்கும். ஒருநாள் கண்முன் நீல வெளிச்சம் தெரிந்தது. மறுநாளும் தெரிந்தது. உள்ளுக்குள் ஒரு பெருமை. வகுப்பு முடிந்து மாமி பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது போய்ச் சொன்னேன். அவர் நிமிரக்கூட இல்லை. "ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கறே?" என்று கேட்டார். ஐந்து என்றேன். "அப்போ அது தூக்கம்" என்றார். தூக்கத்துக்குள் நழுவும்போது கண்முன் வண்ணங்கள் தெரிவது இயல்பு என்று எடுத்துச் சொன்னார். பிறகு நிமிர்ந்து பார்த்து, "வீட்ல கத்தறது குறைஞ்சிருக்கா? அதைச் சொல்லு" என்றார்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அன்று காலையில்தான் மகனிடம் கத்திவிட்டு வந்திருந்தேன்.

தாடாசனத்தில் சாவிக்கொத்து செய்த அதே வேலையை இந்தக் கேள்வி செய்தது. சாய்ந்த உடம்பு தன்னை நேர் என்று நினைப்பது போல, மனமும் தன் தூக்கத்தைத் தியானம் என்றும், தன் கர்வத்தை முன்னேற்றம் என்றும் நினைத்துக்கொள்ளும். அளக்கும் கருவியும் அளக்கப்படும் பொருளும் மனமே என்பதால், உள்ளிருந்து இதைக் கண்டுபிடிப்பது மிகவும் கடினம். தன் மனதில் இதே ஏமாற்றுகளைக் கண்டு கடந்தவருக்குத்தான் மற்றவரிடம் பார்த்ததும் தெரியும்.

அன்று உணர்ச்சிவசப்பட்டு, நீங்கள்தான் என் குரு என்று சொல்லிவிட்டேன். மாமி பதறிப்போனார். "டீச்சர்னு சொன்னா போறும். எனக்கு ஒருத்தர் இருந்தார், அவருக்கு ஒருத்தர் இருந்தார்." இந்தத் தொடர்ச்சிக்குத்தான் குரு பரம்பரை என்று பெயர். சண்முகானந்தா ஹாலில் கச்சேரி கேட்பவர்கள் இவர் இன்னார் பாடாந்தரம், அதாவது இன்னாரிடம் பாடம் கேட்ட வழி என்று சொல்வார்களே, அதே பொருள். ஒரு குரு முறைப்படி மாணவரை ஏற்று, மந்திரமோ பயிற்சியோ கொடுத்து இந்தத் தொடரில் சேர்ப்பது தீட்சை. சைவ மரபில் பார்வையாலும் தொடுதலாலும் சொல்லாலும்கூடத் தீட்சை உண்டு.

யோகசூத்திரத்தின் முதல் பாதத்தில், அதாவது முதல் பகுதியில், ஈசுவரனைப் பற்றிப் பேசும்போது பதஞ்சலி ஒன்று சொல்கிறார்: காலத்தால் வரையறுக்கப்படாததால் அவன் முன்னோர்களுக்கும் குரு. அப்படிப் பார்த்தால் மனிதராகப் பிறந்த எந்தக் குருவும் இன்னொரு பக்கம் மாணவர்தான். அது மறந்துபோன குருவைக் கண்டால் எனக்குப் பயம்.

சரணாகதி என்ற சொல்

அதிகம் திரிபடும் சொல் இது. பதஞ்சலி சொல்வது ஈசுவரப் பிரணிதானம், ஈசுவரனிடம் ஒப்படைப்பது. வகுப்பு எடுப்பவரிடம் அல்ல. குருபக்தி நம் மரபில் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. தெளிவு குருவின் திருமேனி காண்டல் என்று பாடியவர் திருமூலர். ஆனால் அதே திருமூலர்தான் இதையும் பாடினார்:

குருட்டினை நீக்கும் குருவினைக் கொள்ளார்
குருட்டினை நீக்காக் குருவினைக் கொள்வர்

குருடும் குருடும் கூத்தாடிக் குழியில் விழுவதாக அந்தப் பாட்டு முடிகிறது. போலிகள் நம் காலத்துக் கண்டுபிடிப்பல்ல; மரபே எச்சரித்திருக்கிறது.

சரணடைதல் என்றால் மனசாட்சியைக் கழற்றி வைப்பதும் அல்ல. திருக்கோட்டியூர் நம்பியிடம் ராமானுஜர் பதினெட்டு முறை நடந்த கதை நமக்குத் தெரியும். ரகசியமாகப் பெற்ற மந்திரப் பொருளை, குருவின் கட்டளையை மீறி, எல்லோருக்கும் சொன்னார். தனக்கு நரகம் வந்தாலும் சரி என்றார். நம்பி கோபப்பட்டு, பிறகு அணைத்துக்கொண்டார். குருவின் பெருமை பேசும் மரபுதான் இந்தக் கதையையும் போற்றி வைத்திருக்கிறது.

நான் புதியவர்களிடம் சொல்வது இதுதான். தொடுவதற்கு முன் கேட்கிறாரா? கேள்வி கேட்டால் முகம் மாறுகிறதா? நோய் என்றால் டாக்டரிடம் போகச் சொல்கிறாரா, மாத்திரையை நிறுத்தச் சொல்கிறாரா? வீட்டில் சொல்லாதே என்று எதையாவது சொன்னாரா? மாத்திரையை நிறுத்து என்றோ, வீட்டில் மறை என்றோ சொன்னால் அன்றைக்கே பாயைச் சுருட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். அவருக்கு எத்தனை சீடர்கள் இருந்தாலும் சரி.

குரு கிடைக்காவிட்டால்?

ரமணருக்கு மனித குரு இல்லை. 1896-இல் பதினாறு வயதில் திருவண்ணாமலை வந்தவர், அருணாசலத்தையே குருவாகக் கொண்டார். இதைக் காட்டி எனக்கும் வேண்டாம் என்று சொல்பவர்கள் அவர் அங்கே வருஷக்கணக்காக மௌனத்தில் இருந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நம்மில் பெரும்பாலோர் மாநகராட்சித் தண்ணீர் வரும் நேரத்துக்குள் பயிற்சியை முடிக்கிறவர்கள்.

அதற்காக, குரு வரும்வரை சும்மா இருக்க வேண்டியதும் இல்லை. இயமத்துக்கும் நியமத்துக்கும் யாரும் வந்து கதவைத் தட்ட வேண்டாம். பொய் சொல்லாமல் ஒரு நாள் இருந்து பார்க்க எந்த வகுப்பும் தேவையில்லை. எளிய ஆசனங்களை ஒரு பயிற்றுநரிடம் சில மாதம் கற்றுக்கொண்டு வீட்டில் தொடரலாம். வீடியோ அப்போது நினைவூட்டலாக நன்றாகவே உதவும். மூச்சை நிறுத்தும் பயிற்சியை மட்டும் ஆசிரியர் இல்லாமல் தொடாதீர்கள். தியானத்தில் உட்காருங்கள், ஆனால் அதில் நடப்பதை நேர்மையாகச் சொல்ல ஒரு ஆளாவது இருக்கட்டும். குருவைத் தேடி அலைவதைவிட, பயிற்சி செய்துகொண்டே இருப்பவருக்குச் சரியான ஆளை அடையாளம் காணும் கண் தானாக வருகிறது என்பது என் அனுபவம்.

போன மாதம் மாமி என்னைக் கூப்பிட்டு, இனிமேல் தினமும் வர வேண்டாம், வாரம் ஒரு நாள் வந்தால் போதும் என்றார். எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. நான் வழக்கமாகப் பாய் விரிக்கும் இடத்தில் இப்போது மூன்றாம் மாடிப் பெண் நிற்கிறாள், மாமி அவள் மூக்குக்கு நேராகச் சாவிக்கொத்தைத் தொங்கவிட்டுக்கொண்டிருக்கிறார். நான் காலை லோக்கலில், தாதர் வரும்போது பையை இடது தோளுக்கு மாற்றுகிறேன்.